கூலிங் கிளாஸும் வல்லத்துக் கல்லும்

நம் ஆட்களுக்கு அது எப்போதும் 'கூலிங் கிளாஸ்'தான். வெள்ளைக்காரன் வெயிலை வைத்துப் பேர் வைத்தான், நாம் குளிர்ச்சியை வைத்துப் பேர் வைத்தோம். தமிழிலும் அதே பேர், மலையாளத்திலும் அதே பேர். வாளையாறு செக்போஸ்ட் தாண்டினாலும் மாறாது, போடிமெட்டு ஏறி இறங்கினாலும் மாறாது. கண்ணுக்குக் குளிர்ச்சி தருவதுதான் நல்ல கண்ணாடி என்ற நம்பிக்கை நமக்கு அவ்வளவு ஆழம். அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது, அதில் எவ்வளவு உண்மை, எங்கே அது காலை வாருகிறது என்று பார்க்கத்தான் இது.

நான் கண் டாக்டர் இல்லை. சித்தூர் கல்லூரியில் பி.காம் படித்துவிட்டு இப்போது பிரிஸ்பேனில் ஒரு வங்கியில் கடன் விண்ணப்பங்களைப் புரட்டிக்கொண்டிருப்பவன். எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை, வீட்டுக்காரிக்கு மறையூர். போன வருஷம் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனது. மாமாவுக்குக் கண்ணில் சதை வளர்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு பேருக்கும் நல்ல கண்ணாடியாக வாங்கி அனுப்பலாம் என்று கடைக்குப் போனால், கண்ணாடியா, பிளாஸ்டிக்கா, பாலிகார்பனேட்டா, ட்ரைவெக்ஸா என்று கேட்கிறார்கள். "ஒரு கண்ணாடி வாங்க இவ்வளவு படிக்கணுமா?" என்று வீட்டில் கேட்டார்கள். லோன் ஃபைல் பார்க்கிறவனுக்கு எதையும் மூலப்பத்திரத்திலிருந்து பார்த்துத்தானே பழக்கம்!

மூலப்பத்திரம் என்றால் வல்லத்தில் தொடங்க வேண்டும். தஞ்சாவூரிலிருந்து திருச்சி போகும் சாலையில் இருக்கிற அதே வல்லம்தான். அங்கே மண்ணில் கிடைத்த படிகக் கல்லை அறுத்து, தேய்த்து, மெருகேற்றி மூக்குக்கண்ணாடிக்குச் சில்லு செய்தார்கள். வெள்ளைக்காரர் காலத்து மாவட்டக் குறிப்புகளிலும் இந்தத் தொழில் பதிவாகியிருக்கிறது. பெரியவர்கள் 'வல்லத்துக் கண்ணாடி' என்று சொல்லும்போது குரலில் ஒரு மரியாதை இருக்கும். அதற்கும் முன்னால் போனால், விஜயநகர அரசர்களிடம் பெருமதிப்புப் பெற்றிருந்த வியாசராயர் மூக்குக்கண்ணாடி அணிந்து ஏடு படித்ததாக அவருடைய வாழ்க்கையைச் சொல்லும் 'வியாசயோகி சரிதம்' குறிப்பிடுகிறது. 1520-ஐ ஒட்டிய காலம் அது. போர்ச்சுகீசியர்கள் வழியாகத்தான் மூக்குக்கண்ணாடி நம் பக்கம் வந்திருக்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். வந்த பொருளை நம் தட்டார்களும் கல் வேலைக்காரர்களும் கையில் கிடைத்த கல்லில் செய்து பார்த்திருக்கிறார்கள்.

அந்தப் படிகம் உண்மையிலேயே தொட்டால் ஜில்லென்று இருக்கும். அது மாயமில்லை. படிகக் கல், அதாவது குவார்ட்ஸ், சாதாரணக் கண்ணாடியைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். தோலில் பட்டதும் சூட்டை இழுத்துக்கொள்வதால் குளிர்ச்சியாகத் தோன்றும். அசல் கல்லா, வெறும் கண்ணாடியா என்று கண்டுபிடிக்க நாக்கில் வைத்துப் பார்ப்பார்களாம். இன்னொரு பெரிய குணம், கடினம். கல் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7, சாதாரணக் கண்ணாடிக்கு ஐந்தரையோ ஆறோ. நம் ஊர்ப் புழுதியில் இருப்பதும் பெரும்பாலும் இதே குவார்ட்ஸ் மணல்தான். ஆக புழுதி கண்ணாடியைக் கீறும், படிகத்தை அவ்வளவு சுலபத்தில் கீறாது. ஒரு தலைமுறை வாங்கியதை அடுத்த தலைமுறையும் போட்டுக்கொள்ளலாம். குளிர்ச்சி, உறுதி, நீண்ட ஆயுள். வேறென்ன வேண்டும் என்று நம் முன்னோர்கள் நினைத்ததில் தப்பே இல்லை.

ஆனால் ஒன்று அவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. சுத்தமான குவார்ட்ஸ் புற ஊதாக் கதிரைத் தடுக்கவே தடுக்காது. அப்படியே உள்ளே விட்டுவிடும். இன்றைக்கும் யு.வி. விளக்குகளின் குழாயைக் குவார்ட்ஸில் செய்வது அதனால்தான். சாதாரண ஜன்னல் கண்ணாடிகூடப் புற ஊதாவில் மிக மோசமான பகுதியைப் பெருமளவு நிறுத்திவிடும், மீதியைத்தான் விடும். நம் உயர்ந்த வல்லத்துக் கல் எதையும் நிறுத்தாது. குளிர்ச்சி வேறு, பாதுகாப்பு வேறு என்ற பாடம் அந்தக் கல்லிலேயே இருந்திருக்கிறது.

அந்தப் பாடத்தை முதலில் ஒழுங்காகப் படித்தவர் லண்டனில் இருந்த சர் வில்லியம் குரூக்ஸ். கண்ணாடி உலைகளில் வேலை செய்பவர்களுக்குச் சின்ன வயதிலேயே கண்புரை வந்துகொண்டிருந்தது. அதை ஆராய ராயல் சொசைட்டி ஒரு குழு போட்டது. குரூக்ஸ் பல ஆண்டுகள் உட்கார்ந்து, கண்ணாடிக் குழம்பில் விதவிதமான உலோக ஆக்சைடுகளைக் கலந்து முன்னூறுக்கும் மேற்பட்ட கண்ணாடிகளைச் செய்து பார்த்தார். 1914-ல் முடிவுகள் அச்சாயின. புற ஊதாவை நிறுத்துவதில் முன்னால் நின்றவற்றில் ஒன்று சீரியம் என்ற அரிய மண் தனிமம். 'குரூக்ஸ் கண்ணாடி' என்ற பேர் பல பத்தாண்டுகள் கடைகளில் ஓடியது.

இங்கேதான் நம் ஊர் நுழைகிறது. சீரியம் மோனசைட் என்ற மணலில் இருக்கிறது. அந்த மோனசைட் திருவிதாங்கூர்க் கடற்கரையில் இருப்பது 1909-ல் வெளியே தெரிந்தது. தெரிந்த விதம் ஒரு வேடிக்கை. இங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலை ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கவனித்தார். கப்பலேறி வந்து மணவாளக்குறிச்சியில் ஆலையே போட்டுவிட்டார். அவருக்கு வேண்டியது கேஸ் விளக்கு மேண்டிலுக்கான தோரியம். முதல் உலகப் போர் வந்ததும் ஜெர்மானியரை வெளியேற்றி, தொழிலை ஆங்கிலேயக் கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. சுதந்திரத்துக்குப் பிறகு 1950-ல் இந்தியன் ரேர் எர்த்ஸ் பிறந்தது, ஆலுவா ஆலை 1952-ல் வேலையைத் தொடங்கியது. சீரியம் ஆக்சைடு இன்றும் கண்ணாடி லென்ஸை மெருகேற்றப் பயன்படும் முக்கியமான பொடி. உலகத்தின் எந்த மூலையில் கண்ணாடி லென்ஸ் பளபளத்தாலும் பின்னால் இந்த வகை மணல் ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம்.

(கொஞ்சம் விலகிப் போகிறேன். 1956-ல் மாநிலங்களைப் பிரித்தபோது மணவாளக்குறிச்சி இருக்கிற கல்குளம் உட்பட நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் தமிழ்நாட்டுக்குப் போயின. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. அதுவரை மதராஸ் மாகாணத்தின் மலபார் ஜில்லாவில் இருந்த பாலக்காடும் கேரளத்துக்கு வந்தது. தாத்தா இருந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தார், மாநிலம்தான் மாறியது. எங்கள் குடும்ப ஆவணங்களில் இரண்டு மொழி முத்திரைகளும் கலந்து கிடப்பதற்குக் காரணம் இதுதான்.)

கறுப்புக் கண்ணாடி அலங்காரப் பொருளானது அமெரிக்காவில். 1929-ல் சாம் ஃபாஸ்டர் என்பவர் அட்லாண்டிக் சிட்டி கடற்கரையில் செல்லுலாய்டு கண்ணாடிகளை மலிவாக விற்க ஆரம்பித்தார். முப்பதுகளில் எட்வின் லேண்ட் போலராய்டு வடிகட்டியைக் கொண்டுவந்தார். 1937-ல் விமானிகளுக்கான கண்ணாடி ரே-பான் என்ற பெயரில் பொதுச்சந்தைக்கு வந்தது. இதெல்லாம் பல இடங்களில் எழுதியாகிவிட்டது, நான் நீட்டவில்லை.

நம்மூரில் அந்த வேலையைச் செய்தவர் எம்.ஜி.ஆர். அவர் பிறந்தது இலங்கையில் என்றாலும் அம்மா சத்யபாமாவின் ஊர் பாலக்காட்டு வடவன்னூர், எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரிதான். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக அவர் படம் மாட்டாத டீக்கடை எங்கள் பக்கம் குறைவு. கலைஞரின் கண்ணாடி வேறு கதை, கண்ணில் ஏற்பட்ட பாதிப்பால் வந்தது. 2017-ல் அவர் 46 வருஷத்துக்குப் பிறகு அந்தக் கறுப்புக் கண்ணாடியை மாற்றினார் என்பதே பெரிய செய்தியானது. ஆக நமக்குக் கூலிங் கிளாஸ் என்றால் ஒன்று தலைவர், அல்லது ஸ்டைல், அல்லது 'மெட்ராஸ் ஐ'. வெயிலுக்காகப் போடுகிறவனைப் பார்த்தால் "என்ன, பெரிய ஹீரோவா?" என்று கேட்பார்கள். களை எடுக்கும் பெண்ணோ கொழுந்து கிள்ளும் பெண்ணோ கறுப்புக் கண்ணாடி போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? அதிகம் வெயிலில் நிற்பவர்கள் அவர்கள்தான்.

அடுத்த திருப்பம் போர்க்காலத்தில். 1940-ல் அமெரிக்காவில் கொலம்பியா ரெசின் என்ற பெயரில் வரிசையாகப் பிசின்களைச் செய்து பார்த்தார்கள். 39-வது கலவை நன்றாக அமைந்தது. அதுதான் சி.ஆர்-39. போர் விமானங்களின் எரிபொருள் தொட்டி வேலைக்குப் பயன்பட்டது. போர் முடிந்து மிச்சப்பட்ட சரக்கை என்ன செய்வது? கலிஃபோர்னியாவில் ராபர்ட் கிரஹாம் 1947-ல் அதை மூக்குக்கண்ணாடி லென்ஸாக வார்த்தார். கண்ணாடியின் எடையில் ஏறக்குறையப் பாதி. ஒரு கன சென்டிமீட்டர் கண்ணாடி சுமார் இரண்டரை கிராம் என்றால் இது 1.32 கிராம். பார்வைத் தெளிவோ கண்ணாடிக்குச் சமம். சூடான சாய நீரில் முக்கினால் சேலை மாதிரி நிறம் பிடிக்கும், அதனால் எந்தச் சாயையும் போடலாம். நம்மூர்க் கடைகளில் இதைத்தான் 'ஃபைபர்' என்று சொல்லி விற்கிறார்கள். ஃபைபருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனாலும் பேர் நிலைத்துவிட்டது.

பாலிகார்பனேட் 1953-ல் பிறந்தது. ஜெர்மனியில் பேயர் கம்பெனியில் ஹெர்மன் ஷ்னெல்லும், அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் டேனியல் ஃபாக்ஸும் ஒருவரை ஒருவர் அறியாமல் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கண்டுபிடித்தார்கள். எடை இன்னும் குறைவு, 1.20. சுத்தியால் அடித்தாலும் சுலபத்தில் உடையாது. புற ஊதாவை இயல்பாகவே நிறுத்திவிடும், தனிப்பூச்சு வேண்டாம். இரண்டு குறை உண்டு. மேல்பரப்பு மெத்து, நகம் பட்டாலே கோடு விழுமோ என்று பயமாக இருக்கும், அதனால் கடினப்பூச்சு கட்டாயம். ஓரங்களில் வண்ணம் பிரிந்து தெரியும். இந்த வண்ணப் பிரிவை 'அபே எண்' என்று அளக்கிறார்கள், கூடினால் நல்லது. கண்ணாடிக்கும் சி.ஆர்-39-க்கும் 58-ஐ ஒட்டி, பாலிகார்பனேட்டுக்கு வெறும் 30. பவர் இல்லாத வெயில் கண்ணாடியில் இது பெரிதாகத் தெரியாது. பவர் கூடினால் தெரியும். அந்தக் குறையைப் போக்கத்தான் 2001-ல் ட்ரைவெக்ஸ் வந்தது. எடை 1.11, அபே எண் 43-க்கு மேல், உறுதியும் ஏறத்தாழ அதே. விலைதான் கொஞ்சம் கடிக்கும்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் நான்காவது பிளாஸ்டிக், அக்ரிலிக். போரில் விமானத்தின் பெர்ஸ்பெக்ஸ் கூண்டு நொறுங்கிச் சில்லுகள் விமானிகளின் கண்ணுக்குள் போயின. அவை உள்ளேயே கிடந்தும் கண் சீழ் பிடிக்கவில்லை என்பதை லண்டன் டாக்டர் ஹரால்ட் ரிட்லி கவனித்தார். 1949 நவம்பரில் அதே பொருளில் லென்ஸ் செய்து கண்புரை நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார். நம் பக்கம் 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992-ல் அவர்களே ஆரோலேப் என்று ஆரம்பித்து, அதே அக்ரிலிக் வகை உள்விழி லென்ஸை ஏழைகளுக்கு எட்டும் விலையில் செய்தார்கள். அதற்கு முன்னால் கண்புரை எடுத்தால் சோடா பாட்டில் அடிப்பாகம் மாதிரி கண்ணாடிதான் கதி. என் பாட்டி அப்படி ஒன்றுடன்தான் கடைசி வரை இருந்தார். மறையூர், மூணாறுக்காரர்களுக்குத் தேனியும் மதுரையும், எங்கள் பக்கத்தாருக்குக் கோயம்புத்தூர். மலை இறங்கி எல்லை தாண்டிப் போய்க் கண் வாங்கி வருகிறவர்கள் நாங்கள்!

கண்ணுக்குள் வரம் தந்த அதே அக்ரிலிக்தான் திருவிழாக் கடையில் பத்துப் பதினைந்து வகையாகத் தொங்கும் கண்ணாடிகளிலும் இருக்கும். உள்விழி லென்ஸில் இப்போது புற ஊதாவைத் தடுக்கும் பொருளைச் சேர்த்தே செய்கிறார்கள். திருவிழாக் கண்ணாடியில் சேர்த்தார்களா என்பது செய்தவருக்கே வெளிச்சம். இருட்டுக் கண்ணாடி போட்டால் கண்ணின் பாவை அகலமாகத் திறக்கும். லென்ஸ் புற ஊதாவை நிறுத்தாவிட்டால் திறந்த வாசல் வழியே அதிகமாக உள்ளே போகும். கறுப்பு கூடக் கூடப் பாதுகாப்பு கூடும் என்பது அதனால்தான் தவறு. தெளிந்த நீர் மாதிரி வெள்ளையான பாலிகார்பனேட், கன்னங்கரேல் என்ற மோசமான அக்ரிலிக்கைவிட நல்ல காவல்.

இதைச் சோதிக்க வங்கிக்காரனுக்கு ஒரு சுலப வழி இருக்கிறது. நோட்டு பார்க்கும் யு.வி. விளக்கு. அதன் கீழே நோட்டை வைத்தால் ஒளிரும் இழைகளும் எண்களும் தெரியும் அல்லவா? விளக்குக்கும் நோட்டுக்கும் நடுவில் லென்ஸை நீட்டுங்கள். ஒளிர்வு அணைந்தால் லென்ஸ் கதிரை நிறுத்துகிறது, அணையாவிட்டால் விடுகிறது. விளக்கைக் கண்ணால் நேராகப் பார்க்காதீர்கள். வீட்டிலிருந்த கண்ணாடிகளை எல்லாம் வைத்துப் பார்த்தேன். பாலிகார்பனேட் போட்டதும் நோட்டு செத்துப் போனது. போன முறை ஊரில் கோயில் திருவிழாவில் பையன் வாங்கிய நீலக் கண்ணாடிக்கு நோட்டு சிரித்துக்கொண்டே இருந்தது. இது தோராயச் சோதனைதான். நல்ல கண்ணாடிக் கடைகளில் சின்ன மீட்டர் இருக்கும், கேட்டால் நொடியில் பார்த்துச் சொல்வார்கள். விலையை நம்ப வேண்டாம். மலிவானதில் நல்லதும் உண்டு, பேர் பெற்றதில் வெறும் பேர் மட்டும் உள்ளதும் உண்டு.

நான் இருக்கிற இடத்தில் இது விளையாட்டு இல்லை. உலகத்திலேயே தோல் புற்றுநோய் மிக அதிகமான பகுதிகளில் குயின்ஸ்லாந்து ஒன்று. வெயில் கண்ணாடிக்குத் தேசியத் தரம் வகுத்த முதல் நாடு ஆஸ்திரேலியா, 1971-ல். இங்கே விற்கும் ஒவ்வொரு கண்ணாடியிலும் 0 முதல் 4 வரை வகை எண் போட்டாக வேண்டும். 2 என்றால் வெளிச்சத்தில் 18 முதல் 43 சதவீதம் உள்ளே வரும், 3 என்றால் 8 முதல் 18 வரை. 4 போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. பள்ளியில் தொப்பி இல்லாத பிள்ளையை மைதானத்துக்கு விடமாட்டார்கள்.

நம் ஊரில் இந்தப் பேச்சு சமீபத்தில்தான் வந்தது. 2025 மார்ச்சில் பாலக்காட்டிலும் மலப்புறத்திலும் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தொட்டு, கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் சிவப்பு எச்சரிக்கை விட்டது. பாலக்காட்டு வெயில் எல்லோருக்கும் தெரியும், அங்கே ஆச்சரியமில்லை. ஏமாற்றுவது மூணாறும் மறையூரும்தான். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதா சுமார் பத்து சதவீதம் கூடும், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டிருப்பவனுக்கு அது உறைக்காது. மாமா நாற்பது வருஷம் மலையில் வேலை பார்த்தவர். கண்ணில் சதை வளர்வதற்கும் வருஷக்கணக்கான வெயிலுக்கும் தொடர்பு உண்டு என்று டாக்டர் சொன்னதும், "அங்க ஏது மாப்பிள வெயிலு, எந்நேரமும் பனிதான?" என்றார். குளிர்ச்சி என்றால் பாதுகாப்பு என்ற அதே கணக்கு.

சரி, என்ன வாங்கினேன்?

மாமாவுக்குப் பாலிகார்பனேட், பக்கவாட்டிலும் சுற்றி வருகிற மாதிரி. கரும்புத் தோகை, குச்சி எது வந்து அடித்தாலும் தாங்கும். கதிர் நேராக மட்டும் வருவதில்லை, பக்கத்திலிருந்தும் மேலிருந்தும் வரும், ஆகவே சட்டத்தின் வடிவம் லென்ஸ் அளவுக்கே முக்கியம். தலைத்துண்டுக்குப் பதில் விளிம்பு வைத்த தொப்பியும் சேர்த்து அனுப்பினேன். பையனுக்கும் பாலிகார்பனேட்தான், கிரிக்கெட் பந்து யாரையும் பார்த்து வராது. எனக்கு வண்டி ஓட்டப் போலரைஸ்டு. ஈரச் சாலையின் கூசலை அது வெட்டும். ஆனால் போலரைஸ்டு என்பது கூசலுக்குத்தான், புற ஊதாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அம்மாவுக்குத்தான் யோசித்தேன். கார்த்திகை, மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று, மலையாளிகள் விருச்சிகக் காற்று என்பார்கள், மண்ணை வாரிக்கொண்டு வரும். பாலிகார்பனேட் அதில் சீக்கிரம் மங்கும். கண்ணாடி கீறலைத் தாங்கும், ஆனால் கனம், விழுந்தால் சில்லு. நடுவில் நின்றது சி.ஆர்-39. கடினப்பூச்சும் நானூறு நானோமீட்டர் வரை புற ஊதாத் தடுப்பும் போட்டது, வகை 2, பழுப்பு நிறம். ரொம்ப இருட்டாக இருந்தால் படியில் கால் தடுக்கும்.

"இது கூலிங் கிளாஸ் மாதிரியே இல்லியே சாமி, வெளிச்சமா இருக்குது" என்று போனில் குறைப்பட்டுக்கொண்டார். பரவாயில்லை, போட்டுக்கொள்கிறார். இப்போது எங்களுக்குள் ஒரே சண்டை முந்தானை விஷயத்தில். புழுதி பட்ட லென்ஸை அப்படியே முந்தானையால் துடைத்தால், குவார்ட்ஸ் மணலை வைத்து உப்புத்தாள் தேய்த்த மாதிரி. முதலில் குழாய்த் தண்ணீரில் காட்டி மண் போன பிறகு மெத்தென்ற பருத்தித் துணியால் ஒற்ற வேண்டும். வாரம் ஒரு முறை போனில் சொல்கிறேன். "செரி செரி" என்கிறார். பின்னால் தங்கச்சி சிரிக்கிற சத்தம் கேட்கிறது.